எழும்புச் சாறு

1

இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. தலைப்பைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எலும்பு என்று எழுத வேண்டிய இடத்தில், இதை எழுதுகிறவர் எழும்பு என்று எழுதிவிட்டார். திருத்தியிருக்கலாம். ஏன் திருத்தவில்லை என்பதுதான் கதை.

எழுதுகிறவர் கிடங்கில் சுமை தூக்குகிறவர். தாடி நரைத்த பிறகு எழுத்துப் படித்தவர். முதுகிலிருந்து இறக்கிய பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினார். புரியாததை வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். அதனால் அவருக்குச் சரளமாக வரும் வாக்கியங்கள் மூன்றுதான்: ‘ஈரம் படாமல் வைக்கவும்’, ‘தலைகீழாக வைக்காதே’, ‘கவனம், உடையும்’. இதை வைத்துக்கொண்டு கதை எழுத முடியுமா என்று கேட்டால், குடித்தனமே நடத்தலாம் என்பார்.

(முதலில் ‘நான்’ என்றுதான் தொடங்கினார். மனைவி விடவில்லை. “நான் நான்னு எழுதினா எல்லாத்தையும் நீங்களே செஞ்ச மாதிரி இருக்கு. ‘அவர்’னு போடுங்க. கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும், வேற எங்கேயும் கிடைக்கலையே.”)

2

முதல் தொடக்கம்: ‘காலைச் சூரியன் தன் பொற்கதிர்களை—’

வேண்டாம். கிடங்குக்குச் சன்னல் கிடையாது. சூரியனோடு அவருக்கு அவ்வளவு பழக்கம் இல்லை.

இரண்டாவது: ‘தையல்காரி விழுந்தாள்.’

இது இருக்கட்டும். தையல்காரி என்பது அவர் மனைவிதான். பரண்மேல் இருந்த துணிமூட்டையை எடுக்க முக்காலியில் ஏறினாள். மூட்டை வந்தது, முக்காலி நிற்கவில்லை. கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் அவள் காலைத் தரையில் வைக்கவில்லை. கட்டிலை விட்டு இறங்குவதென்றால் அவர் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு ஒற்றைக்காலில் தத்துவாள். தையல் மெஷின் மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

“எலும்பு நல்லா சேர்ந்துடுச்சும்மா. இப்ப நடக்கலைன்னா கால் அப்படியே இறுகிடும். அப்புறம் மெஷின் மிதிக்கவே முடியாது” என்றார் மருத்துவர்.

“சேர்ந்தது உங்களுக்குத் தெரியும் டாக்டர். காலுக்குத் தெரிய வேண்டாமா?” என்றாள் தையல்காரி.

வெளியே வந்த சுமைக்காரர், எலும்புச் சாறு வைத்துக் கொடுக்கலாமா என்று தனியாகக் கேட்டார். “நல்லதுதான். ஆனா நடந்தாகணும்” என்றார் மருத்துவர். சுமைக்காரர் ‘நல்லதுதான்’ வரைக்கும் காதில் வாங்கிக்கொண்டு நேராகக் கறிக்கடைக்குப் போனார்.

3

இந்த இடத்தில் செய்முறை சொல்ல வேண்டும். கதையில் செய்முறை வரலாமா என்று தெரியவில்லை. வாசகர் பசியோடு இருந்தால் வரலாம்.

மூட்டு எலும்பாக வாங்க வேண்டும். ஒரு கொதி விட்டு, நுரையும் அழுக்குமாக வரும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீர், இஞ்சி, மிளகு, ஒரு மூடி வினிகர். பிறகு தீயைக் குறைத்து, தண்ணீர் முணுமுணுக்கிற அளவில் மணிக்கணக்காக விட வேண்டும். கொதிக்கக் கூடாது, முணுமுணுக்க வேண்டும். (இதற்குப் பழக்கமான உதாரணம் அவருக்கு வீட்டிலேயே இருந்தது. அந்த வரியை மனைவி அடித்துவிட்டாள்.)

எல்லாம் சரியாகச் செய்தார். வடிகட்டி, ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்தார். காலையில் திறந்து பார்த்தவர் முகம் போன போக்கைக் கறிக்கடைக்காரரிடம் அவரே நடித்துக் காட்டினார்.

“சாறு எப்படிண்ணே வந்துது?”

“கெட்டுப்போச்சுப்பா. மேல வெள்ளையா கொழுப்பு. கீழ கொழகொழன்னு ஆடிக்கிட்டு நிக்குது. சாக்கடையில கொட்டிட்டேன்.”

கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். “ஆடுச்சா?”

“ஆடுச்சுன்னா ஆடுச்சு. பாத்திரத்தைத் தட்டினா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆடுது.”

“அண்ணே, ஆடினா நல்லதுண்ணே. எலும்புல இருக்கிறது எல்லாம் இறங்கியிருக்குன்னு அர்த்தம். கொழுப்பை வழிச்சிட்டுச் சூடு காட்டினா இளகிடும். தண்ணியா நின்னாத்தான் வேலை வீண்.”

சுமைக்காரர் கொஞ்ச நேரம் சாக்கடையின் அதிர்ஷ்டத்தை நினைத்துக்கொண்டு நின்றார்.

“மறுபடி வெட்டட்டுமா?”

“வெட்டு. சிரிக்காம வெட்டு.”

4

தையல்காரி என்ற பாத்திரத்தில் ஒரு சிக்கல். ‘அவள் மெல்லிய குரலில் நோவோடு சொன்னாள்’ என்று எழுதிவைத்திருந்தார். கட்டிலில் இருந்தபடி தாளை வாங்கிப் படித்தவள், “எனக்கு எப்ப மெல்லிய குரல் இருந்துது? தெருவுல கேட்டுப் பாருங்க” என்றாள். சரி, குரல் போயிற்று. நோவு மட்டும் இருக்கிறது.

அடுத்த வரியில் நிறுத்தினாள். இரண்டாம் முறை பானை அடுப்பில் முணுமுணுத்தபோது அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய வரி அது: ‘எழும்பு மெதுவாகத்தான் வேகும்.’

“என்னங்க இது?”

“எலும்புதான்.”

“எலும்புக்கு இந்த ‘லு’ இல்லையா வரும்? நீங்க போட்டிருக்கிறது எந்திரிக்கிற எழும்பு.” சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் முகத்தை மாற்றிக்கொண்டாள். “இருங்க. இது எனக்குச் சாடையா? டாக்டர் சொல்லிக் கொடுத்தாரா?”

தெரிந்துதான் எழுதினேன் என்றால் கெட்டிக்காரர் ஆகலாம். தெரியாமல் எழுதினேன் என்றால் முட்டாள் ஆகலாம். சுமைக்காரர் யோசித்தார்.

“நான் பானைக்குத்தான் சொன்னேன்” என்றார்.

அவர் பேனாவை எடுத்துத் திருத்தப் போனார். “விடுங்க. இருக்கட்டும்” என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சிரித்தாளா என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. முதுகு குலுங்கியது. முதுகு எதற்கு வேண்டுமானாலும் குலுங்கும்.

5

முடிவு ஒன்று: சாற்றைக் குடித்ததும் அவள் எழுந்து ஓடினாள்.

(மனைவி: “நான் கல்யாணத்துக்கு முன்னாடியே ஓடினதில்ல. ஓடியிருந்தா இங்க வந்து மாட்டியிருப்பேனா?”)

முடிவு இரண்டு: சுமைக்காரர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மெஷின் முன்னால் உட்காரவைத்தார்.

(மனைவி: “மூட்டைன்னு நினைச்சீங்களா?” கணவர்: “மூட்டை பேசாது.” அடித்தாயிற்று.)

முடிவு மூன்று. இன்று காலை அவர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாற்றுக் கிண்ணத்தைச் சூடாக்காமல் கட்டிலுக்கே கொண்டுபோய்த் தட்டிக் காட்டினார். அது ஆடியது.

“அய்ய, இதையா குடிக்கணும்? பயந்து நடுங்குற மாதிரி இருக்கு.”

“ஆடினா நல்லதாம். கறிக்கடைக்காரர் சொன்னார்.”

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சமையலறைக்கு வந்து, சாற்றை அடுப்பில் இளகவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இந்த முடிவை எழுதத் தொடங்கினார். ‘அவள் ஒன்றும் சொல்லவில்லை’ என்பதோடு முடிக்கலாம் என்றுதான் திட்டம். துயரமாக இருக்கும், மதிப்பாகவும் இருக்கும் என்று—

கட்டில் கிரீச்சிட்டது.

உள்ளேயிருந்து, தெருவுக்கே கேட்கும் அந்தக் குரல்: “ஏங்க. ரெண்டு காலும் கீழ வச்சிருக்கேன். கட்டிலைப் பிடிச்சிருக்கேன். கால் ஆடுதுங்க.”

வாசகரே, இந்தக் கதையைக் கொஞ்ச நேரம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக வைக்க வேண்டாம். ஈரம் பட்டால் பரவாயில்லை. எழுதுகிறவர் எழும்ப வேண்டியிருக்கிறது.