கடைசியாகத் தொட்டவள்

1

செவ்வாய்க்கிழமை காலை 11:17-க்கு அக்கா போன் செய்தாள். அலுவலக நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை.

"டேய், நாலு மணிக்குள்ள ஒரு கடிதத்துல கையெழுத்துப் போடணுமாம். நான் எழுதாத வரிக்கு."

இந்தக் கதை அங்கேயிருந்து வந்தது. என் மூளையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். சொன்னால் அக்கா சும்மா விடமாட்டாள்.

அவள் மென்பொருள் எழுதுகிறவள். நான் கதை எழுதுகிறவன். ஒருமுறை என் நாவல் ஒன்று கணினியோடு சேர்ந்து செத்துப்போனது. அதற்குப் பிறகு என் வரைவுகளையும் தன் தொழில்கருவிக்குள் போட்டுவைத்தாள். அதன் பெயர் கிட். ஒரு கோப்பில் யார், எந்த நாளில், எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பதை அது குறித்துவைக்கும். கறுப்புத் திரையில் லாக் என்று அடித்தால் முழுவதையும் ஒப்பிக்கும்.

2

முதல் தொடக்கம்:

அவள் கண்கள் கலங்கின. விரல்கள் விசைப்பலகையின் மேல் நடுங்கி

(வேண்டாம். அக்கா அழவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் காது சிவக்கும். அவ்வளவுதான்.)

இரண்டாம் தொடக்கம்:

உண்மை என்பது என்ன? மனிதன் தன் கடந்த காலத்தை எப்போதும்

(கட்டுரைப் போட்டி இல்லை. அடித்தாயிற்று.)

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

அக்காவின் நிறுவனம் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறது. நிலையத்தில் இருப்பது பன்னிரண்டு நாற்காலிகள். போன புதன்கிழமை காலை ஒரே நேரத்துக்குப் பதினேழு பேரை மென்பொருள் வரச் சொல்லிவிட்டது. ஐந்து பேர் நடைபாதையில் காத்திருந்தார்கள். அதில் ஒருவர், பேருந்து ஓட்டுநர், மயங்கி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டார்.

தேடியபோது கோப்பில் ஒரு வரி அகப்பட்டது. புதன்கிழமை என்றால் நாற்காலி பதினெட்டு என்று அது சொன்னது.

குழுத்தலைவருக்கு அலுவலகத்தில் நிதானம் என்று பட்டப்பெயர். "நிதானமாப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் யாரையும் கடிப்பார். திங்கட்கிழமை எல்லாரையும் கூட்டி, பெரிய திரையில் லாக்கைத் திறந்தார். அந்தக் கோப்பு மட்டும் என்று வடிகட்டினார். இந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து என்று இன்னொரு முறை வடிகட்டினார். ஒரே ஒரு பதிவு மிஞ்சியது. அக்காவின் பெயர்.*

தவறு அவளுடையது என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் தயாராகும் என்றார். "கோப்பை யாரும் தொடக்கூடாது," என்று உத்தரவும் போட்டார். "பொறுப்பு யாருதுன்னு முடிவாகட்டும். அதுக்கப்புறம் திருத்திக்கலாம்."

* வரிக்கு வரி கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டும் கட்டளை ஒன்றும் இந்தக் கருவியில் உண்டு. அதன் பெயர் பிளேம். பழி. பெயர் வைத்த ஆளை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

4

அக்கா அந்தக் கோப்பைத் தொட்டது உண்மை. தொடச் சொன்னவர் நிதானம். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, "வரியெல்லாம் கோணல்மாணலா இருக்கு, ஓரத்தை நேராக்குங்க" என்றார். அவள் நாலாயிரம் வரிகளின் ஓரத்தை நேராக்கினாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் கருவிக்கு இடைவெளியும் மாற்றம்தான். நாலாயிரம் வரிகளையும் கடைசியாகத் தொட்டவள் அவளாகிவிட்டாள். வீட்டைப் பெருக்கியவள் தலையில் வீட்டைக் கட்டிய பழியையும் போடுவது போல.

எனக்கு இதை எழுதும்போதே கொதிக்கிறது. பதிவேடு பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னது. கேள்வியைக் கேட்டவர்தான் ஆண்டை வெட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா தன் மேசையில் உட்கார்ந்து வேறுமாதிரி கேட்டாள். தேதி வேண்டாம். ஆள் வேண்டாம். புதன்கிழமை, பதினெட்டு என்ற சொற்கள் கோப்புக்குள் முதன்முதலில் நுழைந்த நாளை மட்டும் காட்டு.

இரண்டு வருடம் பின்னால் ஒரு பதிவு எழுந்து வந்தது. எழுதியவர், எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர். பக்கத்து மருத்துவமனையின் டயாலிசிஸ் அறைக்கு வண்ணம் பூசியபோது அங்கிருந்த ஆறு நாற்காலிகளை ஒரே ஒரு புதன்கிழமைக்கு நிலையத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்காக எழுதிய வரி. எடுக்க மறந்துவிட்டார்கள். நோயாளிகள் குறைவாக இருந்தவரை யாருக்கும் உறைக்கவில்லை. பதிவின் கீழே இன்னொரு வரி இருந்தது. சரிபார்த்து ஒப்புதல் தந்தவர்: நிதானம்.

தெரிந்தே ஆண்டை வெட்டினாரா, பழக்கதோஷமா? மூன்று நாள் யோசித்தேன். தெரிந்தே என்று எழுதினால் வில்லனாகிவிடுகிறார். பழக்கம் என்று எழுதினால் தப்பித்துவிடுகிறார். எதையும் எழுதாமல் விடுகிறேன்.

5

இங்கே கதையை நிறுத்த வேண்டியிருக்கிறது. நேற்று அக்கா என் வரைவுகளின் லாக்கைப் பார்த்துவிட்டாள்.

"மூணாவது வரைவுல இருந்த ஒரு பத்தி நாலாவதுல எங்கடா?"

"எந்தப் பத்தி?"

"நடிக்காத. அந்த வெள்ளிக்கிழமை நான் அந்த வரியைப் படிச்சேன்னு உன்கிட்ட சொன்னேன்ல? அத எழுதியிருந்த. அப்புறம் தூக்கிட்ட."

"அக்கா, உன் பக்கம் கதை பலமா நிக்கணும்னுதான்..."

"அவர் தேதி போட்டு வெட்டினாரு. நீ பாசம் போட்டு வெட்டின. என்னடா வித்தியாசம்?"

நான் மூன்றாவது வரைவைத் திறந்தேன்.

"என்னைப் பாவம்னு எழுதச் சொல்லி நான் கேட்டேனா? திருப்பி வை. இல்லன்னா நானே வச்சுக்குவேன், எனக்குத் தெரியாத கருவியா?"

திருப்பி வைக்கிறேன்:

அந்த வெள்ளிக்கிழமை ஓரத்தை நேராக்கிக்கொண்டே வந்தவள் பதினெட்டு என்ற வரியில் நின்றாள். பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "தற்காலிகம். அடுத்த வாரம் எடுக்கணும்." இரண்டு வருடப் பழைய குறிப்பு. யாரையாவது கேட்கலாமா என்று நினைத்தாள். ஓரத்தைத்தானே நேராக்கச் சொன்னார்கள் என்றும் நினைத்தாள். நேராக்கினாள். அடுத்த வரிக்குப் போனாள்.

6

நாலு மணி. கூட்ட அறை. பெரிய திரை. மேசை நடுவே ஒலிபெருக்கித் தொலைபேசி. மறுமுனையில் நிலையத்தின் தலைமைச் செவிலியர். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க அவரைச் சேர்த்திருந்தார்கள்.

அக்கா கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். வடிகட்டாமல் லாக்கைத் திறந்தாள். அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள்.

"மேடம், தேதியைப் போடுங்க. நேரம் போகுது," என்றார் நிதானம்.

"போகட்டும் சார். என் பேரு போறதுக்குப் பதிலா நேரம் போனாப் பரவாயில்ல."

அந்த வரியின் சொற்களைத் தட்டித் தேடினாள். பழைய பதிவு திரையில் நின்றது. நிதானத்தின் பெயரும் நின்றது. அறையில் யாரோ இருமினார்கள்.

"நிதானமாப் பேசுவோம்," என்றார். "அன்னைக்கு இருந்த சூழ்நிலை வேற."

"சரி சார். மார்ச்ல நானும் அந்தக் குறிப்பைப் படிச்சேன். படிச்சிட்டுத் தாண்டிப் போனேன். அதையும் கடிதத்துல போடுங்க. உங்க பேரு முதல்ல, என் பேரு கடைசியில."

"முதல்லன்னா எப்படி? ஒப்புதல்ங்கறது வெறும் சம்பிரதாயம் மேடம்."

"அப்போ ஓரம் நேராக்கறது?"

இதற்கு நான் மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். நிதானம் கடிதத்தைக் கிழிக்கிறார். (கிழிக்கிற ஆள் இல்லை.) அக்கா அடையாள அட்டையை மேசையில் வீசிவிட்டு வெளியேறுகிறாள். (அவளிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள்.) எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். (வெட்கமாக இருந்தது.) மூன்றும் என் லாக்கில் கிடக்கின்றன. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

நடந்தது வேறு. எந்தப் பெயர் முதலில் வரவேண்டும் என்று இருபத்தைந்து நிமிடம் சண்டை போட்டார்கள். அக்காவும்தான். காது சிவக்கச் சிவக்கப் போட்டாள். திரையில் அந்தப் பதிவு அப்படியே நின்றது. கோப்பில் அந்த வரியும். மேசை நடுவே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

செவிலியர் தொண்டையைச் செருமினார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. நாளைக்குக் காலைல பதினாறு பேருக்கு நேரம் குடுத்திருக்கு. நாலு பேரை வரவேண்டாம்னு நான் இப்பவே போன் பண்ணிச் சொல்லணும். எந்த நாலு பேருன்னு அதுல பார்த்துச் சொல்றீங்களா?"