மேலே போன விசைப்படகு

ஜாக்சன் மச்சானைப் பறக்கும் தட்டு தூக்கிக்கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டில் இதை நம்புவது அவர் மனைவி, என் அக்கா ரீட்டா மட்டும்தான். மற்றவர்கள் அவர் கடலில் செத்துவிட்டார் என்று நினைக்கிறோம். ஆனால் அக்கா எதிரில் வந்தால் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவோம்.

தவக்காலத்தில் காரைக்காலிலிருந்து ஐந்து பேரோடு கிளம்பிய விசைப்படகு அது. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அதிகாரிகள் தேடினார்கள். பிறகு, தேடியதாக அறிவித்தார்கள்.

அதன் பின் பட்டினச்சேரி செம்பியன் பேட்டி கொடுத்தார். கரையோரக் கண்காணிப்பு அறை ஒன்றில் ராடார் திரையைப் பார்க்கும் ஒப்பந்த வேலையில் இருந்தவர். அன்று வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் இறங்கியது, படகு மேலே போனது, மேலதிகாரிகள் பதிவை அழித்தார்கள், கேட்டதற்கு என் வேலையைப் பறித்தார்கள் என்றார். திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சி பலன் எடுக்க வந்த யூடியூப்காரர், போகிற வழியில் இதையும் எடுத்துக்கொண்டு போனார். சனி பகவானைவிட இதைப் பார்த்தவர்கள் அதிகம்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. இறந்தவர்களின் பெயரை எழுதிக் கோயிலில் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். மச்சான் பெயரையும் கொடுப்போமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"உசுரோட இருக்குறவங்க பேரை எந்த ஊர்ல கொடுக்குறாங்க?" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மார்ட்டின், காலேஜ்ல எல்லாரையும் கிண்டல் பண்ணி எழுதுறவன் நீ. எவன் புளுகுறான்னு ஒனக்குத் தெரியும். அந்தண்ணனைப் போய்ப் பாரு. பொய்னு நீ சொன்னா, நாளைக்கே பேரு கொடுக்குறேன்."

எங்கள் கோவில்பத்திலிருந்து பைக்கில் போகும்போதே செம்பியனை எடைபோட்டேன். ஒரு பொய்க்காக யாராவது வேலையை இழப்பார்களா? மாட்டார்கள். ஆகவே உண்மை. வேலை போன கோபத்தில் பொய் சொல்வார்களா? சொல்வார்கள். ஆகவே பொய். அடுத்தடுத்துக் கொடுத்த எந்தப் பேட்டியிலும் அவர் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. உண்மையைச் சொல்கிறவர்கள் அப்படித்தான். மனப்பாடம் செய்தவர்களும் அப்படித்தான். நிரவியைத் தாண்டும்போது தராசு அசையாமல் நின்றது.

"வாங்க தம்பி. கேமரா எங்க?" என்றார் செம்பியன்.

"கேமரா இல்லண்ணே. நான் ரீட்டாவோட தம்பி."

அவர் முகம் சுருங்கியது. நாற்காலி எடுக்க உள்ளே போனார். சுவரில் ஓர் இளைஞனின் படம். பிளாஸ்டிக் மாலை, கீழே சிவப்பு பல்பு.

"யாருண்ணே இது?"

"என் தம்பி. அதே போட்டுல போனவன்."

"மேல தூக்கிட்டுப் போனவருக்கு எதுக்குண்ணே மாலை?"

நாற்காலியைப் போட்டுவிட்டு அவரே அதில் உட்கார்ந்துவிட்டார்.

"வெளிச்சமெல்லாம் இல்ல தம்பி. கப்பலு. திரையில பெரிய புள்ளி வந்து சின்னப் புள்ளி மேல ஏறுச்சு. அப்பறம் பெரிய புள்ளி மட்டும் போயிக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கே சொன்னேன். ஒன் வேலையப் பாருன்னாங்க. அப்பறம் வேலையும் இல்லன்னாங்க. பேப்பர்காரங்ககிட்ட போனேன், ஆதாரம் கேட்டாங்க. நான் எங்க போவேன்?"

"அப்ப வெளிச்சம்?"

"ஒங்க அக்கா வந்து நின்னுச்சு. 'வேற ஏதாச்சும் தெரிஞ்சுச்சாண்ணே'ன்னு கேட்டுச்சு. கப்பல்னு சொல்ல வாய் வரல. வெளிச்சம் ஒண்ணு தெரிஞ்சுச்சும்மான்னேன். அது நாலு பேர்ட்ட சொல்ல, கேமரா வந்துருச்சு. இதுக்கு மட்டும் ஒருத்தன் ஆதாரம் கேக்கலையே."

"இப்ப கப்பலைச் சொல்லுங்களேன்."

"போன பேட்டியில சொன்னேன். வெட்டிட்டாங்க. கப்பலை எவன் பாப்பான்னு கேக்குறாங்க."

நான் வீடு திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் எதையும் விடாமல் சொன்னேன். பெரிய புள்ளி, சின்னப் புள்ளி, மாலை, சிவப்பு பல்பு. எதைச் சொன்னாலும் என் முகம் அசையாது. அதுதான் என் திறமை என்று கல்லூரியில் சொல்வார்கள். அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். தவக்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"மூஞ்சிய இப்புடி வச்சுக்கிட்டே புளுகுவியே நீ. சிவப்பு பல்பு வேறயாக்கும்."

"மாதா சத்தியமாக்கா."

"மாதாவை எதுக்குடா இழுக்குறே. அவரு சொன்னது பொய்னா நீ ஒரே வார்த்தையில சொல்லியிருப்ப. இவ்வளவு சோடிக்க மாட்ட."

உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள். மச்சானுக்கும் ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தாள்.

கல்லறைத் திருநாள் பூசையில் சாமியார் பெயர்களை வாசித்தார். நடுவில் ஜாக்சன் என்ற பெயரும் வந்தது. அம்மா சொல்லாமல் எழுதிக் கொடுத்திருந்தாள்; இப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"பாவம்டா. அது எந்த ஜாக்சனோ."

"தெரியலக்கா" என்றேன்.

அதை உடனே நம்பினாள்.