நாற்பது கையெழுத்து

பிஸ்கட் பெல்ட் நிற்பதே இல்லை. உடைந்ததையும் கருகியதையும் ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி உறைக்குள் தள்ளுவதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபீஸிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் வரிசைத் தலைவி மட்டும்தான் படித்துப் பார்ப்பாள். அவள் தலையசைத்தால் போதும். மற்றவர்கள் வலது கையுறையைக் கழற்றி, இடது கையால் பிஸ்கட்டைத் தள்ளிக்கொண்டே, நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் வரிசையின் தலைவிக்கு லைனக்கா என்பதே பெயராகிவிட்டது. அவள் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று வரிசையில் இருந்த மற்ற முப்பத்தொன்பது பெண்களும் நம்பினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று பதினோரு மணிக்கு, பக்கத்து இடத்துக்காரியான நெட்டையிடம் பெல்ட்டை ஒப்படைத்துவிட்டு, பணியாளர் அதிகாரியின் அறை வாசலில் ஃபைலும் கையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். வரச் சொன்னது அவர்தான். பாப்பாவின் காப்பீட்டு விஷயம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் மகள் பாப்பா மூன்றாம் வகுப்பு. நான்கு மாதத்துக்கு முன்னால் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து மூன்றே நாளில் இறங்கியது. அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் படுக்கையிலிருந்து எழுந்தது வேறு பிள்ளை. தோல் உரிந்து ரத்தம் கசியும்வரை கை கழுவினாள். சாப்பாட்டில் கண்ணாடித் தூள் இருக்கிறது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கண் நில்லாமல் சிமிட்டியது. முத்து முத்தாக எழுதியவளுக்குத் தன் பெயரை எழுதவே கோடு தாண்டிப் போனது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக நாத்தனார் சொன்னாள். பள்ளிக்கூடத்து டீச்சரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னாள்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். "தொண்டையில இருந்த கிருமிய அடிக்க உடம்பு அனுப்பின படை, ஆள் தெரியாம மூளையப் போட்டு அடிக்குதும்மா. வளர்ப்புல ஒரு குறையும் இல்ல. நரம்பு வழியா மருந்து ஏத்தினா மீட்டுடலாம்னு நம்பறேன். ஆனா தள்ளிப் போடக் கூடாது."

அந்த மருந்தின் விலைக்கு அவளும் வேன் ஓட்டுகிற புருஷனும் ஒரு வருஷம் சாப்பிடாமல் உழைக்க வேண்டும். காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதினாள். இது மனநோய், பணம் கிடையாது என்று பதில் வந்தது. உடம்பு நோய்தான் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அப்படியானால் இந்த மருந்து அதற்கு நிரூபிக்கப்படவில்லை என்று அடுத்த பதில் வந்தது. பிள்ளையை எந்தக் கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு போனாலும், அதைச் சாத்துவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

இதே நோய் கண்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் நின்று கத்தியதில் ஒரு சட்டம் வந்திருந்தது. இந்த மாதம் முதல் தேதிக்குப் பிறகு புதுப்பிக்கிற எல்லாக் காப்பீடும் இந்த நோய்க்கும் இந்த மருந்துக்கும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். தொழிற்சாலையின் காப்பீடு வருஷா வருஷம் பதினைந்தாம் தேதி புதுப்பிக்கப்படும். அவள் அந்தத் தேதிக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் தேதி காலையிலேயே காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர்கூடக் கொடுத்தார். பிறகு, காப்பீட்டைப் போன மாதம் இருபத்தெட்டாம் தேதியே புதுப்பித்துவிட்டதாகச் சொன்னார். புது விதி வந்தால் தவணை ஏறும் என்று நிர்வாகம் முந்திக்கொண்டதாம். தொழிலாளர்கள் எல்லோரும் சம்மதித்துத்தான் நடந்ததாம்.

"யாரு சார் சம்மதிச்சது?"

அவர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். முதல் கையெழுத்து அவளுடையது.

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. தலைப்பில் காப்பீடு புதுப்பித்தல் என்று கண்டதுமே மனசு குளிர்ந்துபோய்விட்டது. பாப்பாவுக்கு விடிந்துவிட்டது என்று நினைத்தாள். கீழே பொடி எழுத்தில் இருந்த தேதியை அவள் படிக்கவில்லை. எப்போதும் ஒரு வரி விடாமல் படிக்கிறவள், அன்றைக்கு மட்டும் சந்தோஷத்தில் படிக்கவில்லை. சீக்கிரம் போடுங்கடி, என் பொண்ணுக்காகத்தான் என்று வரிசை முழுக்க ஓடி ஓடி விரட்டினாள். கால் மணி நேரத்தில் நாற்பது கையெழுத்தும் விழுந்துவிட்டன.

"அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது கண்டிப்பா கிடைச்சுடும்மா," என்றார் அதிகாரி.

"நாலு மாசம் முன்னாடி இருபத்திநாலு கிலோ இருந்தா சார். இப்ப பதினேழு. அடுத்த வருஷத்துக்கு அவகிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

தனக்கும் பிள்ளைகள் இருப்பதாக அவர் சொன்னார். பிறகு ஏதோ நல்ல சேதி ஞாபகம் வந்தவராக, படிவத்தை முதலில் முடித்துக் கொடுத்தது மூன்றாம் வரிசைதான் என்றும், ஷிப்ட் முடிந்ததும் எல்லோருக்கும் பரிசு இருக்கிறது, போட்டோ எடுப்பார்கள் என்றும் சொன்னார். பேசினால் கை நீண்டுவிடும் என்று பயந்து எழுந்து வந்துவிட்டாள்.

பெல்ட்டுக்குத் திரும்பி, பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டே நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நான்தான்டி படிக்காம உங்களைப் போட வெச்சேன். எம் பொண்ணு கழுத்துல நானே கைய வெச்சுட்டேன்."

நெட்டை ஒரு உடைந்த பிஸ்கட்டை ஒதுக்கிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "நீ படிக்காம குடுத்தே. நாங்க படிக்காம போட்டோம். அவனுங்க படிச்சுட்டுத்தானேக்கா நீட்டினானுங்க."

அந்தப் பேச்சு வாய்க்கு வாய் மாறி, கடைசியில் பெட்டி ஒட்டுகிறவள்வரை போய்ச் சேர்ந்தது. அன்று பூராவும் அந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பரிசுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதிகாரி முதல் பெயராக லைனக்காவின் பெயரைப் படித்து, ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். போட்டோக்காரன் கொஞ்சம் சிரிக்கச் சொன்னான். அவள் கையை நீட்டவில்லை. அவர் நெட்டை பக்கம் நீட்டினார். நெட்டை கையைக் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார்கள். அதிகாரியின் கை டப்பாவோடு அப்படியே நின்றது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புகிற குழந்தைகளின் சாப்பாட்டு டப்பா அது. மூடியில் ஒரு சிறுமி, கன்னம் உப்ப, வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.