மாம்பலத்து டப்பா

மயிலாப்பூர் கடைத்தெருவுக்குப் பின்னால் ரொட்டிக் கிடங்கு வைத்திருந்த வலியுல்லாவுக்கு ஒரே சட்டம்தான். டீக்கடையிலிருந்து காலி டப்பா திரும்பி வந்தால் அது நிறைய, டீயில் நனைத்துத் தின்னும் பொறை சுட்டு அனுப்புவார். வராவிட்டால் மாவில் கை வைக்க மாட்டார்.

தம்பி ஷாஹுல் ஹமீது கூட இருந்த காலத்தில் நடைமுறை வேறு. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போவான். பொறை எவ்வளவு மிச்சமென்று கண்ணாடி ஜாடியை எட்டிப் பார்ப்பான். நாளைக்குக் கூட்டம் எப்படியிருக்கும் என்று ஊர்வம்பு பேசியே கறந்துவிடுவான். அதை நம்பி முன்கூட்டியே சுட்டு வைப்பார்கள். ஒரு தேர்த் திருவிழாவில் கோடை மழை கொட்டிக் கூட்டம் கலைந்தது, சுட்டதெல்லாம் நமுத்துப்போனது.

"உன் யூகமே வேணாம்பா. இனிமே டப்பா சொல்லட்டும்" என்றார் அண்ணன்.

ஹமீது சண்டை போடவில்லை. மாம்பலத்தில் தனியாக டீக்கடை போட்டான். பொறை மட்டும் அண்ணனிடமிருந்துதான். மற்றவர்களுடையதைப் போலவே அவன் டப்பாவும் கிடங்கு ஆள் சேட்டுவின் கைவண்டியில் வந்து போய்க்கொண்டிருந்தது.

யுத்தத்தில் மாவுக்குத் தட்டுப்பாடு வந்த வருஷம் அந்த டப்பா நின்றது.

"இன்னான்னு தெரியல பாய். இல்லன்னு கையக் காட்டுறாரு" என்றான் சேட்டு.

வலியுல்லாவுக்குச் சுருக்கென்றது. பழசை மனசில் வைத்துக்கொண்டு வேறு கிடங்கில் வாங்குகிறான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி ஹாஜிரா பீ. மாம்பலம் என்ன சீமையிலா இருக்கிறது? மனுஷன் அசையவில்லை. தம்பிக்கென்று எடுத்து வைத்த மாவு அடையாற்றில் யாரோ ஒருவர் கடைக்குப் பொறையாகப் போனது.

ரம்ஜான் நோன்பு தொடங்கிய பிறகுதான் மனசு கேட்காமல் கிளம்பினார். கடை பூட்டியிருந்தது. பின்பக்கத்து வீட்டில் தம்பி மனைவி ஜஹீதா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வேலை தேடி பம்பாய்க்குப் போயிட்டாரு மச்சான். பொறை இல்லாத கடையில வெறும் டீ குடிக்க யாரு வருவா?"

"டப்பாவை அனுப்பியிருக்கலாமேம்மா."

"நானும் சொன்னேன். மாவு இல்லாத நேரத்துல அண்ணன் முன்னாடி காலி டப்பாவ நீட்டுறது கழுத்தைப் புடிக்கிற மாதிரின்னாரு. இருந்தா அவரே அனுப்புவாருன்னு தெனம் வாசலைப் பாத்துக்கினு உக்காந்திருந்தாரு."

வலியுல்லா சுவரில் சாய்ந்துகொண்டார். சைக்கிளில் போய் எட்டிப் பார்த்தவன் அவன். அவனை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஜஹீதா சாக்கின் வாயை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப உங்களுக்கும் மாவே கெடைக்கலியா, மச்சான்?"

நோன்பு வாயோடு, "கெடைக்கலம்மா" என்றார்.