பத்து மீட்டரில் நின்றவர்

இறந்து நான்கு மாதமான லிப்ட் மெக்கானிக், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி நிலவரப்படி, தன் வீட்டு ஜன்னலிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் நின்றார். அளந்து சொன்னது அவருடைய பழைய ஃபிலிம் கேமரா. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் எடைக்கல் மாதிரி கனக்கும். முந்தின வாரம்தான் அவருடைய ஸ்பேனர் பெட்டியின் அடியில், காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்ததை மனைவி கண்டெடுத்தாள். பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். தெருமுனை ஸ்டுடியோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ரோல் இருக்கும்மா. முப்பத்தஞ்சு எடுத்தாச்சு, ஒண்ணு பாக்கி. புது ரோல் வர ரெண்டு மாசம் ஆகும். இந்தத் துளை வழியா பாருங்க, நடுவுல மஞ்சளா ஒரு கட்டம் தெரியுதா? அதுல எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். வளையத்தைத் திருப்பி ரெண்டையும் ஒண்ணாக்குங்க. எத்தனை மீட்டர்ல இருக்குன்னு வளையமே சொல்லிடும்."

வீட்டில் மெக்கானிக்கின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லோரையும் எடுத்தவரை யாரும் எடுக்கவில்லை. வேலை அடையாள அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு வேறு யாரோ இருந்தார். புருவத் தழும்பு இடது பக்கமா வலது பக்கமா என்று தையல்காரியும், அவளோடு இருந்த, அவள் அண்ணி என்று கூப்பிடும் மெக்கானிக்கின் அக்காவும் ஒரு மாலை முழுக்க வாதாடி, கடைசியில் இருவருமே பயந்துபோய்ப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அந்த முகம் அவளுக்குக் கைநழுவிக்கொண்டிருந்தது. அப்படியிருக்கையில்தான் ஜன்னலில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தவள், தெருக்கோடியில் ஒருவர் இரண்டாக நிற்பதைக் கண்டாள். வளையத்தைத் திருப்பினாள். மீட்டர் எண்களெல்லாம் முடிந்து, எல்லையில்லாத தூரத்துக்கான படுத்துக் கிடக்கும் எட்டில் வந்ததும் இரண்டும் ஒன்றாயின. கேமராவை இறக்கினால் தெரு காலி. அண்ணியிடம் நீட்டினாள்.

"அவன்தான்," என்றாள் அண்ணி, வெகுநேரம் பார்த்துவிட்டு. "நிக்கிற லட்சணத்தைப் பாரு, ஒரு காலை மடக்கிக்கிட்டு."

நாளுக்கு நாள் நெருங்கி அவர் பத்து மீட்டருக்கு வந்த அன்று தையல்காரி டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, மடக்கி மடக்கி அளந்தாள். விரற்கடைகூடப் பிசகவில்லை. அந்த இடத்தில் சைக்கிள்கள் தாமாக வளைந்து போயின. ஓட்டியவர்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. ஆறு மீட்டரில் மூன்று வாரம் நின்றுவிட்டார்.

"உயிரோட இருந்தப்பவே சோப்பு வாங்கப் போனா ரெண்டு மணி நேரம். எவன் கூடப் பேசிட்டு நிக்கிறானோ. நீ இப்பவே எடுத்துடேன்."

"கடுகு அளவுதான் தெரியுறார் அண்ணி. இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. கிட்ட வரட்டும்."

நான்கு மீட்டரில் படியேறினார். இரண்டில் வீட்டுக்குள் இருந்தார். ஒரு மீட்டரில், தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் கட்டம் முழுக்க அவர் முகமாக இருந்தது. தழும்பு வலது புருவத்தில். மெஷின் சக்கரம் யாரும் தொடாமலே அரைச் சுற்று சுற்றி நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

ஸ்டுடியோக்காரர் கழுவிக் கொடுத்ததில் முப்பத்தைந்து படங்கள் தெளிவாக வந்திருந்தன: லிப்ட் கயிறுகள், மாடிக் கொடியில் துணி போடும் அக்காவின் முறைப்பு, மெஷினில் குனிந்த தையல்காரியின் முதுகு பதினொரு தடவை. முப்பத்தாறாவதில் ஒன்றுமில்லை.

"லென்ஸ் மூடியைக் கழட்டலையேம்மா," என்றார் அவர், தானே தப்புச் செய்தவர்போல. "இதுல நாம பார்க்கிற துளை வேற, படம் விழற வழி வேற. மூடி போட்டிருந்தாலும் நமக்கு ஊரே தெரியும். நானும் இதுல எத்தனையோ கல்யாணத்தைக் கோட்டை விட்டிருக்கேன்."

அவள் இரண்டு மாதம் காலர் தைத்தாள். கேமரா இருந்த பக்கமே திரும்பவில்லை. புது ரோல் வந்தது. மூடியைக் கழற்றி, கழற்றியதை மூன்று தடவை தடவிப் பார்த்து, கண்ணில் வைத்தாள். கட்டத்துக்குள் அவர் இரண்டாக இருந்தார். வளையத்தை முட்டும்வரை திருப்பியும் ஒன்றாகவில்லை. ஸ்டுடியோவுக்கு ஓடினாள்.

"தொண்ணூறு சென்டிமீட்டருக்கு உள்ள வந்துட்டா இதுக்குக் கண்ணு தெரியாதும்மா," என்றார் அவர். சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டார். "கொஞ்சம் பின்னால நிக்கச் சொல்லுங்க, எடுத்துடலாம்."

வீட்டில் அவள் கேமராவும் கையுமாக நின்றாள். சொன்னால் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு அடி போதும்.

"அவ்வளவு தூரத்துல இருந்து நடந்து வந்தவன்," என்றாள் அண்ணி, கீரை ஆய்ந்தபடி. "தள்ளி நில்லுன்னு சொல்லப் போறியா?"

தையல்காரி சொல்லவில்லை. அந்த ரோலில் அண்ணியை எடுத்தாள், தெருவை எடுத்தாள், சைக்கிள்களை எடுத்தாள். பிறகு பதினான்கு வருடம் சீருடை தைத்தாள். துணி எடுக்கப் போகும் பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் அவள் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. புதிதாக ஏறியவர்கள் யாராவது உட்காரப் போனால், கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "அங்க ஆள் இருக்கு," என்பார். அவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொள்வார்கள்.