ஸ்ரூலின் இடம்

இக்னேசியஸ் தன் வேலைமேசையைத் துடைத்தார். கனடாவின் மார்க்கம் நகரில், ஹீற்றர் மோட்டர் பொருத்தும் அந்தத் தொழிற்சாலையில் அப்படியொரு துப்புரவான மேசை வேறு கிடையாது. வருகிற ஈ கூட இருக்கக் கூச்சப்பட்டு, ஒருதரம் சுற்றிவிட்டுப் பக்கத்து மேசை அன்ரனெற்றிடம் போய்விடும் என்பார்கள். அங்கே ஈக்குத் தாராளமாக இடமிருந்தது.

சூப்பர்வைசர் வினோதன் கொண்டுவந்த புதுச் சட்டம் இது: ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் மஞ்சள் நாடா ஒட்டவேண்டும். பாவிக்காத சாமானில் சிவப்பு அட்டை தொங்கும். பிறகு அது வெளியே போய்விடும். இக்னேசியஸ் அன்றைக்கே குறட்டுக்கும் தேத்தண்ணிக் கோப்பைக்கும் ஒட்டினார். கீழே தரையில், மேசைக்கால்களைச் சுற்றியும், தான் இருக்கும் ஸ்ரூலைச் சுற்றி வட்டமாகவும் ஒட்டினார்.

"மூக்குக்கண்ணாடிக்கும் ஒட்டுங்கோவன் அண்ணை," என்றாள் அன்ரனெற்.

"அதுக்கு மூக்கிலை இடம் குறிச்சாச்சு பிள்ளை."

பிறகு ஒருநாள், லொறியில் வரும் பெட்டிகளை இறக்க ஆள் போதாமல் வினோதன் அவரிடம் வந்தான்.

"அங்கிள், இந்தக் கிழமை மட்டும் அங்கை நிக்கிறீங்களா? உங்கடை மேசைதான் நீற், ஒரு குப்பையும் இல்லை. அப்பிடியே விட்டிட்டுப் போகலாம்."

"என்ரை இடம் இருக்கும்தானே தம்பி? இந்த வயசிலை என்னை வேறை ஒருத்தனும் வேலைக்கு எடுக்கமாட்டான்."

"ஒண்டுக்கும் யோசியாதீங்கோ."

வெள்ளிவரை, கிழமை முழுக்கப் பெட்டி இறக்கினார். இரவில், அஜக்ஸ் நகரிலிருந்த வீட்டில் மகள் முதுகுக்குத் தைலம் தேய்த்தாள்.

திங்கட்கிழமை திரும்பி வந்தபோது மேசை இல்லை. ஸ்ரூலும் இல்லை. தரையில் மஞ்சள் நாடா மட்டும், ஒரு மூலை கிளம்பாமல், ஒட்டியபடியே இருந்தது.

"ஹெட் ஒஃபிஸ் ஆக்கள் வந்து பார்த்தவை அங்கிள்," வினோதன் நாடாவைப் பார்த்தே சொன்னான். "மேசையைப் பாவிச்ச அடையாளமே இல்லையெண்டு சிவப்பு அட்டை போட்டிட்டினம். இந்த வேலைக்கு இனி ஆள் தேவையில்லையாம்."

"என்னை லொறிக்கு அனுப்பினது நீர்தானே?"

"ஓம் அங்கிள். அவை மேசையைத்தானே பார்த்தவை."

"அன்ரனெற்றின்ரை மேசை?"

"அங்கை நல்லா வேலை நடக்குதாம்."

அன்ரனெற் தலையை நிமிர்த்தவில்லை. குவிந்துகிடந்த வயர்களுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

இக்னேசியஸ் சாப்பாட்டுப் பையை மெல்ல இறக்கி, தரையிலிருந்த வட்டத்துக்குள் வைத்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

வினோதன் குனிந்து பையை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"இதிலை வைக்கக்கூடாது அங்கிள். இது ஸ்ரூலின்ரை இடம்."