முதலில் விழிக்கும் பெட்டி

வள்ளியூரில் பத்திர ஆபீஸ் வைத்திருக்கும் குற்றாலலிங்கம், கூடியிருந்தவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா? இந்தப் பிள்ளை கை வச்சாலே பிரிண்டர் மக்கர் பண்ணுது. ஒண்ணாந்தேதி வேற ஆளு வாராங்க."

விஜயஸ்ரீக்குக் காது மடல் எரிந்தது. மூன்று வருஷமாகப் பத்திரம் அடித்த கை இது. முதலாளிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த இந்தப் பத்து நாளில் மட்டும் அதற்கு ராசி எங்கே போயிற்று? வேலை போனால் போகட்டும். ஆனால் பக்கத்து ஆபீஸ் மகாராஜனும் அங்கேதான் நின்றார். ஆள் தேடிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராசியில்லாத கை என்று பெயர் விழுந்தால், இந்தத் தெருவில் இனி எந்த ஆபீஸ் அவளைச் சேர்க்கும்?

எதிரே காத்து நிற்கும் நாங்குநேரி அலி அக்பரின் கிரயப் பத்திரம் பதினொன்றரைக்குப் பதிவாக வேண்டும். மணி பதினொன்று.

பழுது பார்க்கும் முஹ்சின் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிப் போயிருந்தான். பிரிண்டர் நல்லது, அப்படியானால் பழி அவளுக்கு! என்ன நியாயம் இது?

அவள் பிரிண்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அது தன் விவரத்தைத் தானே அச்சடித்துக் கொடுத்தது. நெட்வொர்க்கில் அதன் எண் மூன்று. ஆனால் அவள் கம்ப்யூட்டரோ இத்தனை நாளும் இரண்டாம் எண்ணுக்கல்லவா பத்திரத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது! அப்படியானால் இரண்டில் யார்?

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க."

குற்றாலலிங்கத்தின் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியில் நெட்வொர்க் எண்ணைப் பார்த்தாள். இரண்டு.

"பாத்தியளா? சாயந்தரம் நீங்க மெயினை அணைச்சிருதிய. காலைல எந்தப் பெட்டி முதல்ல முழிக்கோ, அதுக்குத்தான் மோடம் ரெண்டாம் நம்பரைக் கொடுக்கு. முன்ன அது பிரிண்டருக்குக் கிடைச்சுது. இப்ப, முதலாளி பெட்டிதான் முதல்ல முழிக்கணும்னு சாம்பிராணி காட்டி ஆன் பண்ணுதிய. பிரிண்டர் வீட்டுல நீங்க குடியேறிட்டு, தபால் வரலன்னு என்னைய ஏசுதிய!"

எல்லாவற்றையும் அணைத்தாள். முதலில் மோடம், அடுத்து பிரிண்டர், பிறகுதான் மற்றவை என்று ஒவ்வொன்றாக ஆன் செய்தாள். தாள் வரத் தொடங்கியது. அலி அக்பர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"சரி சரி, ஆக வேண்டியதப் பாரு," என்றார் குற்றாலலிங்கம். அவ்வளவுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாக்கியவரே ஆடுகிறவளை ஏசினார், இப்போது அதையும் மழுப்புகிறார்.

எட்டாம் பக்கத்தில் விஜயஸ்ரீ பிரிண்டரை நிறுத்தினாள்.

"எல்லார் முன்னாலயும் சொன்னியள்லா. இப்ப எல்லார் முன்னாலயும் என் கையில குத்தம் இல்லைன்னு சொல்லுங்க."

"சொல்லிருங்க அண்ணாச்சி, நேரமாவுது," என்றார் அலி அக்பர்.

"...கையில ஒரு குத்தமும் இல்ல. தப்பு என் மேலதான்."

மீதிப் பக்கங்கள் வந்தன. அடுக்கி அலி அக்பரிடம் கொடுத்துவிட்டு, விஜயஸ்ரீ சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"மகாராஜன் அண்ணாச்சி, உங்க ஆபீஸ்ல ஆளு வேணும்னியளே, நான் இப்பமே வாரேன். உங்க பிரிண்டரை யாரு முதல்ல ஆன் பண்ணுதா?"